பேத்தியின் ஊஞ்சலும் பேரனின் கிட்டாரும்



ஒரே பொருள் இரண்டு வேலை செய்யும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் போதும், நம் கை தானாகவே பணப்பையைத் தேடும். இட்லிக் கொப்பரையிலேயே இடியாப்பமும் அவிக்கலாம் என்றால் மகிழ்ச்சி. இழுத்துவிட்டால் கட்டிலாகும் சோபா என்றால் அதைவிட மகிழ்ச்சி. நானும் இதற்கு விலக்கல்ல.

அத்தகைய இரண்டு பொருள்களை 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள என் மகள் வீட்டில் வாங்கினோம். ஒன்று, பிறந்த பேத்திக்கு மின் ஊஞ்சல். மற்றொன்று, பதினான்கு வயதுப் பேரனுக்குக் கிட்டார். முதற்பொருளை வைத்து நான் செய்த ஒரு தவற்றை இங்கே மறைக்காமல் எழுதப் போகிறேன். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள், தவறு செய்தேன் என்று எழுதுவது எளிதன்று. எனினும், படிக்கும் உங்களில் ஒருவராவது அதைச் செய்யாமல் இருந்தால், எழுதியதன் பலன் எனக்குக் கிடைத்துவிடும்.

கடையில் கேட்ட கேள்விகள்

என் மகளுக்கு முதற்பிள்ளை 2010இல் எங்கள் ஊரில் பிறந்தான். திருவாரூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக் கூடத்து உத்திரத்தில் என் பழைய கைத்தறிச் சேலையைத் தூளியாகக் கட்டி அவனை ஆட்டினேன். பதினான்கு ஆண்டுகள் கழித்து இறைவன் அவளுக்கு ஒரு பெண்மகவை அருளினான். பிள்ளைப்பேறு பார்க்க நான் அங்கே சென்றேன். அந்நாட்டு வீட்டில் உத்திரமும் இல்லை; கொக்கி அடிக்கச் சுவரும் இடம் தராது. வாடகை வீடு. எனவே, ஊஞ்சல் வாங்குவது என்று முடிவாயிற்று.

கடையில் வரிசையாக நின்ற ஊஞ்சல்களைப் பார்த்து மலைத்துப் போனேன். முன்னும் பின்னும் ஆடுபவை, பக்கவாட்டில் ஆடுபவை, மின்கலத்தில் ஓடுபவை, சுவர் மின்சாரத்தில் ஓடுபவை, மழை ஓசை எழுப்புபவை என்று எத்தனையோ! நான் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் பொறுக்கியவள் அல்லவா? விடாமல் ஆராய்ந்தேன்.

முதலில் அடித்தளம். கால்கள் அகன்று, இருக்கை தாழ்ந்து இருந்தால்தான் கவிழாது. கையால் அழுத்திப் பார்த்தேன். அடுத்தது வார். இரு தோள், இரு இடை, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் பிடிக்கும் வார் இருக்கவேண்டும் என்று மகள் சொன்னாள். மடக்கும் மூட்டுகளில் பிஞ்சு விரல் நசுங்குமா என்று பார்த்தோம். இருக்கைத் துணியைக் கழற்றித் துவைக்க முடியுமா என்று கேட்டோம். கைக்குழந்தை உள்ள வீட்டில் அது சிறிய கேள்வியன்று. மோட்டாரின் இரைச்சலை அருகில் காதை வைத்துக் கேட்டேன். மிகக் குறைந்த வேகத்திலும் சில ஊஞ்சல்கள் வீசி ஆடின, அவற்றை ஒதுக்கினோம். எத்தனை எடை வரை தாங்கும் என்று பார்த்தோம். நாங்கள் தேர்ந்த ஊஞ்சலில் 25 பவுண்டு, நம் கணக்கில் 11 கிலோவுக்குச் சற்று மேல், என்று எழுதியிருந்தது. தலை நிற்காத குழந்தைக்கு இருக்கையை எவ்வளவு சாய்க்க முடியுமோ அவ்வளவு சாய்த்தே வைக்கவேண்டும் என்ற குறிப்பும் இருந்தது.

இத்தனையும் கேட்ட நான், கேட்கவேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை. இதில் குழந்தையை உறங்க விடலாமா என்பதே அது. கேட்கத் தோன்றவே இல்லை. ஊஞ்சல் என்றால் ஆட்டித் தூங்க வைப்பதற்குத்தானே? அதற்கான விடை இருக்கைத் துணியின் ஓரத்தில், ஒரு வெள்ளைப் பட்டியில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. சலவைக் குறிப்பு என்று நினைத்து அதை உள்ளே மடித்துவிட்டேன்.

அந்த அஸர் வேளை

செப்டம்பர் நடுவில் ஒரு பிற்பகல். பேத்திக்கு ஆறு வாரம். இரவெல்லாம் கண்விழித்த மகள் உள்ளறையில் உறங்கினாள். மருமகன் வேலைக்குப் போயிருந்தார். பள்ளியிலிருந்து வந்த பேரன், பள்ளியில் இரவல் வாங்கிய பெரிய வயிற்றுக் கிட்டாரை எடுத்து வாசிக்கத் தொடங்கினான். மரத்தரை போட்ட சிறு வீடு. ஓசை எங்கும் அதிர்ந்தது. குழந்தை வீறிட்டு அழுதது. பேரனைக் கடிந்து அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினேன். பேத்தியை ஊஞ்சலில் இட்டு விசையைத் தட்டினேன்.

வார் அவளுடைய சின்னத் தோளில் அழுந்துவதுபோல் தோன்றியது, பூட்டாமல் விட்டேன். தலை ஒருபக்கம் சாய்ந்தது. ஒரு துண்டை மடித்துப் பிடரிக்குப் பின்னே வைத்தேன். சற்று நேரத்தில் உறங்கிவிட்டாள். “தூங்கிட்டா எடுத்துத் தொட்டில்ல போடுங்கம்மா” என்று மகள் பலமுறை சொல்லியிருந்தாள். எடுத்தால் விழித்துக்கொள்வாள், மறுபடியும் அழுகை. இதெல்லாம் படித்த இளந்தாய்களின் அச்சம் என்பது என் எண்ணம். அருகிலேயே முஸல்லாவை விரித்து அஸர் தொழுதேன். தொழுது முடித்தபோது குழந்தையிடமிருந்து குறட்டை போன்ற ஒரு மெல்லிய ஒலி வந்தது. நல்ல உறக்கம் என்று பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் குடிக்க வெளியே வந்த பேரன் நின்றான்.

“நன்னி, பாப்பா ஏன் இப்படிச் சத்தம் போடுது?”

“அசந்து தூங்குறாடா. நீ போ.”

அவன் போகவில்லை. குனிந்து பார்த்தான். “தாடை நெஞ்சுல முட்டிட்டு இருக்கு நன்னி. அப்படி இருக்கக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க.” சொல்லிக்கொண்டே தன் தாயைக் கூவி அழைத்தான். மகள் ஓடிவந்து குழந்தையைத் தூக்கினாள். தலை நிமிர்ந்த அக்கணமே அந்த ஒலி நின்றது. உதட்டில் நிறம் மாறவில்லை. குழந்தை சிணுங்கிக் கண் விழித்தாள். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் மகளின் முகம் வெளுத்திருந்தது. நான் வீம்பு பேசினேன். “நாங்கள் வளர்க்கவில்லையா? இதோ நிற்கிறானே, இவன் தூளியில் வளரவில்லையா? அல்லாஹ் காப்பான்” என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. “அம்மா, வளர்ந்த பிள்ளைகளைத்தான் நாம கைகாட்ட முடியும். வளராமப் போன பிள்ளைகளை யாரு கைகாட்டுறது? அல்லாஹ் காப்பான்தான், ஒட்டகத்தைக் கட்டிட்டுத்தானே அவன்கிட்ட ஒப்படைக்கணும்?”

எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. சின்ன வயதில் எங்கள் தெருவில், காலையில் தொட்டிலிலிருந்து எடுக்கையில் மூச்சில்லாமல் இருந்த ஒரு குழந்தை நினைவுக்கு வந்தது. விதி என்றார்கள். அதற்குமேல் யாரும் எதையும் கேட்கவில்லை.

மருத்துவர் சொன்னது

மறுநாள் குழந்தை மருத்துவரிடம் சென்றோம். அந்த அம்மையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. தம் கையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். பச்சிளங்குழந்தையின் தலை உடலுக்குப் பெரியது. கழுத்துக்கு அதைத் தாங்கும் வலு இல்லை. மூச்சுக்குழல் மெல்லியது, மென்மையானது. சாய்ந்த இருக்கையில் தலை முன்னே கவிழ்ந்து தாடை நெஞ்சில் முட்டினால் அந்தக் குழல் மடிந்து இடுங்கும். பெரியவர்கள் என்றால் திணறி விழித்துத் தலையை நிமிர்த்திவிடுவோம்; குழந்தைக்கு அந்த வலிமை இராது. அழவும் முடியாது. நான் குறட்டை என்று மகிழ்ந்தது, இடுங்கிய வழியில் காற்று உரசிய ஓசையாக இருக்கலாம் என்றார்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல் புதுப்பித்த அறிவுரையின் சாரம் இதுதான்: குழந்தையை மல்லாக்க, மட்டமான, உறுதியான பரப்பில், தலையணையோ துண்டோ பொம்மையோ இல்லாமல் உறங்க வைக்கவேண்டும். ஊஞ்சலும் கார் இருக்கையும் வழக்கமான உறக்கத்துக்கு உரியவை அல்ல. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இது இன்னும் முக்கியம். ஆடியபடி உறங்கிவிட்டால், இயன்ற விரைவில் எடுத்து மட்டமான இடத்தில் கிடத்திவிட வேண்டும்.

இது வெறும் அச்சுறுத்தலோ என்று எனக்கும் ஐயம் இருந்தது. மருமகன் சில செய்திகளைப் படித்துக் காட்டினார். குழந்தையை மல்லாக்கக் கிடத்துங்கள் என்ற பிரசாரம் அந்நாட்டில் 1994இல் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரண விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2019 ஏப்ரலில், உறங்குவதற்கென்றே விற்கப்பட்ட ஒருவகைச் சாய்வுத் தொட்டில் ஏறத்தாழ 47 லட்சம், குழந்தை மரணங்களின் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டது. 10 பாகைக்கு மேல் சாய்ந்த உறங்கு தொட்டில்களை விற்கக் கூடாது என்று 2022இல் சட்டமே வந்தது.

அடுத்த மாதம், 2024 அக்டோபரில், இன்னொரு அறிவிப்பு. நாங்கள் வாங்கியது அல்லாத வேறொரு ஊஞ்சல் வகை, 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை, அறிவிப்புக்கு உள்ளாயின. 2012 முதல் 2022 வரை, அவற்றில் உறங்க விடப்பட்ட ஐந்து குழந்தைகள் இறந்திருந்தன. எல்லாம் ஒன்று முதல் மூன்று மாதக் குழந்தைகள். அவற்றுள் பெரும்பாலான நிகழ்வுகளில் வார் பூட்டப்படவில்லை. கூடுதலாகத் துணி வைக்கப்பட்டிருந்தது. மருமகன் இந்த வரியைப் படித்தபோது நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். வார் பூட்டாத கையும் துண்டு மடித்த கையும் என்னுடையவை அல்லவா?

பேரன் மூடிவைத்த கிட்டார்

அந்த நாளுக்குப் பின் பேரன் கிட்டாரைத் தொடவில்லை. சில வாரம் கழித்தே அதைக் கவனித்தேன். கேட்டபோது, “நான் வாசிச்சதாலதானே பாப்பா அழுதா? அதனாலதானே நீங்க ஊஞ்சல்ல போட்டீங்க?” என்றான். என் தவற்றின் சுமையை இந்தப் பிள்ளை தன் தலையில் தூக்கிக்கொண்டிருந்தான்! தங்கை மூச்சு முட்டிக் கிடந்ததைக் கண்டு சொன்னவனே அவன்தான் என்பதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். கைச்செலவுக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த பணத்தையும் அவன் அத்தாவிடம் கொடுத்து, அவனுக்குச் சொந்தமாக ஒன்று வாங்கச் சொன்னேன்.

இசைக்கருவி பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நான் அறியாதவள் அல்லள். அதைத் தீர்த்து வைக்க இக்கட்டுரை எழுதப்படவில்லை. ஊரிலிருந்த என் கணவரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவருக்கும் முழு மனம் இல்லை. “தொழுகையும் படிப்பும் குறையாம இருக்கட்டும், மத்ததை அவன் அத்தா பார்த்துக்கட்டும்” என்று முடித்துவிட்டார்.

பேரனுக்கு வேண்டியதும் இரண்டு வேலைப் பொருளே. பள்ளியில் ஒரு குழுவில் சாதாரண மரக்கிட்டார் ஓசை வேண்டும். இன்னொன்றில் மின் கிட்டார் ஓசை வேண்டும். இரண்டையும் ஒன்றில் தரும் கலப்புக் கிட்டார்கள் உள்ளன. டெய்லர் நிறுவனம் 2005இல் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தது. ஃபெண்டர் நிறுவனம் 2019இல் ‘அக்கூஸ்டாசானிக்’ என்ற வரிசையைத் தொடங்கியது. இவ்வகையில் புதியவை ஆயிரம் டாலருக்கு மேலும் விலை போகின்றன. நாங்கள் பழைய கருவிகளும் விற்கும் ஒரு கடைக்குப் போனோம்.

அங்கே இருந்த இளைஞர் பொறுமையாக விளக்கினார். மரக்கிட்டாரில் கம்பியின் அதிர்வு, அதைத் தாங்கும் சிறு பாலத்தின் வழியாக மெல்லிய மேற்பலகைக்குப் போகிறது. பலகையும் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து அதிர்ந்து ஓசையைப் பெருக்குகின்றன. அதனால்தான் அதற்கு அத்தனை பெரிய வயிறு. மின் கிட்டாரின் உடல் பெரும்பாலும் கெட்டி மரம். கம்பிக்கு அடியிலுள்ள காந்தச் சுருள் எஃகுக் கம்பியின் அசைவை மின்னோட்டமாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. கலப்புக் கிட்டாருக்கு உள்ளே குடைந்த மெல்லிய உடல். பாலத்தின் அடியில் அழுத்தத்தை உணரும் ஒரு பட்டை. அதோடு ஒரு காந்தச் சுருள். ஒரு திருகைத் திருப்பினால் இரண்டின் ஓசையும் வேண்டிய அளவில் கலக்கும்.

இம்முறை நான் கேள்வியை மறக்கவில்லை. “இது எந்த வேலையைச் சரியாகச் செய்யாது?” என்று பேரனைக் கேட்கச் சொன்னேன். இளைஞர் சிரித்தார், பிறகு உண்மையைச் சொன்னார். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசித்தால் பெரிய வயிற்றுக் கிட்டாரின் முழக்கத்தில் பாதிகூட வராது, அடிக்குரல் மெலிந்திருக்கும். உள்ளிருக்கும் மின்கலம் தீர்ந்துவிட்டால் மேடையில் ஓசை இல்லை. முரட்டு மின்னோசையை மட்டும் விரும்புகிறவருக்குத் தனி மின் கிட்டாரே குறைந்த விலையில் நிறைவு தரும்.

பேரன் மூன்று கருவிகளை எடுத்து ஒரே பாட்டை வாசித்தான். முதலில் மின்னிணைப்பு இல்லாமல். பிறகு இணைத்து, தாழ்ந்த ஒலியில். உரத்து வைத்தால் குறைகள் மறைந்துவிடும் என்றார் மருமகன். ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தி எங்கேனும் நறநறவென்று உரசுகிறதா என்று பார்த்தான். திருகுகளைத் திருப்பும்போது கரகரப்பு வருகிறதா என்று பார்த்தார்கள்; ஒன்றில் வந்தது, அதை வைத்துவிட்டார்கள். கழுத்துப் பகுதி மெலிதாக இருந்ததால் பேரனின் விரல்களுக்கு எளிதாக இருந்தது. நான் நாற்காலியில் அமர்ந்து கண்ணை மூடிக் கேட்டேன். இராகம் எனக்குத் தெரியாது. ஆனால் மின்னிணைப்பு இல்லாத அந்த மெல்லிய ஓசை எந்த அளவுக்குப் போகும் என்று தெரிந்தது. அடுத்த அறையில் உறங்கும் குழந்தையை அது எழுப்பாது! கடைக்காரர் குறையாகச் சொன்னது எங்கள் வீட்டுக்கு நிறைவாக அமைந்தது. இணைத்து வாசிக்கவேண்டும் என்றால் ஹெட்போனைச் செருகிக்கொள்ளலாம். வாங்கிவிட்டோம்.

நான் கற்றுக்கொண்ட கேள்வி

இரண்டு வேலை செய்யும் பொருளை வாங்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் வேலை எது என்று தெரிந்துகொள்ளுங்கள். பிறகு, இரண்டாவது வேலையில் இது தவறினால் நமக்கு என்ன போகும் என்று கேளுங்கள். கிட்டார் தவறினால் கொஞ்சம் முழக்கம் போகும். கொஞ்சம் பணம் போகும். ஊஞ்சலின் முதல் வேலை, விழித்திருக்கும் குழந்தையை, நம் கண்ணெதிரே, சிறிது நேரம் அமைதிப்படுத்துவது. அதையே தொட்டிலாகவும் ஆக்கினால் போவது மூச்சு.

ஊஞ்சலை நாங்கள் தூக்கி எறியவில்லை. நான் ஊர் திரும்பும்வரை அது நன்றாகவே உழைத்தது. வார் பூட்டி, துண்டு இல்லாமல், மகள் குளித்து வரும்வரை, நான் எதிரே அமர்ந்து தஸ்பீஹ் உருட்டியபடி பார்த்துக்கொள்வேன். கண் சொக்கியதும் எடுத்துத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்துவேன். முதல் வாரம் விழித்து அழுதாள், பிறகு பழகிவிட்டாள். அடுத்த அறையிலிருந்து பேரனின் மெல்லிய வாசிப்புக் கேட்கும். அவள் அசையமாட்டாள்.

இப்போது எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கியிருக்கிறது. வளைகுடாவிலுள்ள மாப்பிள்ளை மின் ஊஞ்சல் அனுப்புகிறாராம். “எது நல்லது மாமி?” என்று கேட்க வந்தாள். அடித்தளம், வார், மோட்டார் எல்லாம் சொன்னேன். வெள்ளைப் பட்டியில் உள்ள பொடி எழுத்தை முதலில் படி என்றும் சொன்னேன். “அப்ப நம்ம தூளி மட்டும் பரவாயில்லையா?” என்று திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி. தூளியும் வளைந்த துணிதான். தாடை நெஞ்சில் முட்டலாம், துணி முகத்தில் படியலாம். கயிறு உன் கையில் இருக்கும்வரை ஆட்டு. உறங்கியதும் எடுத்துப் பாயில் கிடத்து என்றேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரேனும் என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கமாட்டேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

உங்கள் வீட்டு மருமகளோ மகளோ இப்படி ஒன்று சொன்னால், “நாங்கள் வளர்க்கவில்லையா?” என்ற சொல் நாவில் வரும், எனக்கும் வந்தது. அதைச் சற்றே விழுங்கிவிட்டு, எழுந்துபோய்க் குழந்தையின் தாடையைப் பாருங்கள். நம் பிள்ளைகள் அனைவருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளும் நல்ல உறக்கமும் அருள்வானாக! ஆமீன்.